மேற்கே மலை வைத்த வரைபடம்

அந்தத் தாள் இன்றும் மதினியிடம் இருக்கிறது. இரண்டு ஓரங்களிலும் வரிசையாக ஓட்டை போட்ட, கம்ப்யூட்டர் பிரிண்டருக்கான தாள். இரண்டு பக்கம் கிழிக்கப்படாமல் ஒட்டியபடி இருக்கும். முன்பக்கத்தில் பச்சைப் பட்டைகளுக்கு மேல் ஏதோ ஒரு நாளின் பிழைப் பட்டியல், மை வெளிறி, இப்போது வாசிக்க முடியாது. பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்த ஒரு தீவு. சற்றே சாய்த்து வைத்த சுரைக்காய் மாதிரி இருக்கும். நடுவில் நீளமாக ஒரு குளம், மேற்கு ஓரம் முழுக்கக் குன்றுகள், கீழே ஒரு சின்னத் தீவு, இரண்டுக்கும் நடுவே புள்ளி புள்ளியாக ஒரு பாதை. எழுபது எண்பது ஊர்ப் பெயர்கள், எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில். போன பொங்கலுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்குப் போயிருந்தபோது, பீரோவில் கல்யாணச் சேலைக்கு அடியில் விரித்திருந்ததை மதினி எடுத்துக் காட்டினாள். முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும், நான் அதைக் கடைசியாகப் பார்த்து.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. அண்ணன் ராணுவத்தில் இருந்தான். கல்யாணம் முடிந்த பதினைந்தாம் நாள் ரயிலேறிவிட்டான். மடவார் வளாகத்து வீட்டில் அம்மா, நான், மதினி மூன்று பேர். அப்பா நான் பத்தாவது படிக்கும்போதே இறந்துவிட்டார். மதினிக்கு ஊர் வ. புதுப்பட்டி. 'எங்க ஊருக்கு இனிஷியல் உண்டு, ஒங்க ஊருக்கு இருக்கா?' என்று வந்த புதிதில் என்னைச் சீண்டுவாள். புதுப்பட்டி என்ற பெயரில் எத்தனையோ ஊர்கள் இருப்பதால், வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டி என்று அடையாளம் சொல்ல முன்னால் ஒரு 'வ.' சேர்ந்துகொண்டது. ஊர்ப் பெயர்களை இப்படிக் கவனிக்கிறவள் என்பது எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

இருவரும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியிருந்தோம். தொண்ணூறுகளின் நடுவில் அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு எங்கள் பக்கத்துப் பெண்கள் போகக்கூடிய புது வேலை ஒன்று ராஜபாளையத்தில் வந்திருந்தது. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பேண்டேஜ் துணிக் குடோனுக்கு மேல்மாடியில், ஆறு கம்ப்யூட்டர்கள். கீழே பேல் பேலாகத் துணி. படியேறினால் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும். மேலே ஏ.சி. அறை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, முடியில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டு, கர்ப்பக்கிரகத்துக்குள் போகிற மாதிரி போக வேண்டும். ஆயுத பூசைக்கு ஒவ்வொரு திரைக்கும் சந்தனப் பொட்டு வைப்பார்கள். அடுத்த வருஷம் வரை கீபோர்டின் இடுக்கில் குங்குமம் இருக்கும்.

மெட்ராஸிலிருந்து கொரியரில் ஜெராக்ஸ் கட்டுகள் வரும். அச்சில் இருப்பதை நாங்கள் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அது எதற்கு, யாருக்கு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்பது அங்கே முறை. பிறகு கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, எங்கே வேறுபடுகிறதோ அங்கே மட்டும் பிழை என்று காட்டும். இரண்டும் ஒத்துப்போனால் சரி என்று எடுத்துக்கொள்ளும். நான் முதல் அடிப்பு, மதினி இரண்டாம் அடிப்பு. சூப்பர்வைசர் சார் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எங்களிடம் நிதானமான தமிழில் சொல்வார்: "அர்த்தம் பாக்காதீங்கம்மா. கண்ணு பாக்கணும், கை அடிக்கணும். நடுவுல மனசு வரக் கூடாது." நான் அந்த விஷயத்தில் நல்ல வேலைக்காரி. மதினி இல்லை.

அந்தத் தீவு அப்படி ஒரு கட்டாகத்தான் வந்தது. ஸ்காட்லாந்துக்கு மேற்கே கடலில் கிடக்கிற தீவுகளின் இடப்பெயர்ப் பட்டியல். எங்கள் பங்குக்கு வந்தது கொலன்சே என்கிற தீவு. இப்படித்தான் நாங்கள் சொன்னோம். அந்த ஊர்க்காரர்கள் எப்படிச் சொல்வார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு பெயர், அது என்ன என்று ஒரு சொல் – குன்று, பாறை, ஓடை, வயல், இடிந்த வீடு – பிறகு அது எங்கே இருக்கிறது என்று ஒரு வரி. இன்னதற்கு வடக்கே அரை மைல், இன்ன குளத்துக்குத் தெற்குக் கரையில் என்று. படம் எதுவும் இல்லை. கிலோரான், ஸ்கலசாய்க், மக்ரின்ஸ், லாக் ஃபடா. யாரும் குடியில்லாமல் போன ஊர் ஒன்று, அதற்கும் பெயர். ஓர் ஆள் உட்காரக்கூடிய பாறைக்கும் பெயர். மதினிக்கு அது ஆச்சரியமாக இருந்தது. பஸ்ஸில் வரும்போது சொல்வாள்: "ஏட்டி, லாக்னா கொளம். மோர்னா பெருசு, பெக்னா சின்னது. பலரோமின் மோர், பலரோமின் பெக். நம்ம பக்கம் மேல, கீழன்னு ஊரைப் பிரிப்பாகள்ல, அது மாதிரி." எனக்குத் தூக்கம் வரும். காலை ஆறு மணி ஷிப்டுக்கு விடியுமுன் எழுந்தவர்கள் நாங்கள்.

அந்தக் கட்டில் எங்களுக்கு ஒரு அவமானமும் நேர்ந்தது. ஓரிடத்தில் ஒரே பதிவு இரண்டு முறை அச்சாகியிருந்தது. அடித்ததையே மறுபடி அடிப்பானேன் என்று நான் இரண்டாவதை விட்டுவிட்டேன். மதினியும் விட்டுவிட்டாள். சொல்லி வைத்துச் செய்யவில்லை. ஒப்பிட்டபோது ஒத்துப்போனது. மெட்ராஸ் வரை போய்த்தான் பிடிபட்டுத் திரும்பி வந்தது. சார் சத்தம் போடவில்லை. "ரெண்டு பேரும் ஒரே வீட்டுச் சோறு. தப்பும் ஒண்ணாத்தான் வரும். ரெண்டு பேரு சேந்து ஒரே தப்பைப் பண்ணா மிஷினு அதைச் சரின்னு எழுதிக்கும்" என்று சொல்லி, எங்களை அறையின் இரண்டு மூலைகளில் பிரித்து உட்கார வைத்தார். வேலையைப் பற்றி வெளியிலும் பேசக் கூடாது என்று உத்தரவு. பஸ்ஸில் நாங்கள் பேசியதெல்லாம் அந்த உத்தரவுக்குப் பிறகுதான் அதிகமானது.

தீவை வரைய மதினி எப்போது தொடங்கினாள் என்று சரியாக நினைவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு ஷிப்டு முடிந்து, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, குப்பைக்குப் போகிற தாளைக் கொண்டுவந்து விரித்துக்கொள்வாள். அண்ணன் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த மரஸ்கேல். ஒரு மைலுக்கு இரண்டு அங்குலம் என்று கணக்கு. எடுத்த எடுப்பில் மேற்கு ஓரமாக மலைகளை வரிசையாக நிறுத்தினாள்; அது முடிந்த பிறகுதான் ஊர்களை வைத்தாள். அன்றன்று அடித்த பக்கத்தை மனதில் வைத்திருந்து, எதற்கு வடக்கே எது, எதற்குக் கிழக்கே எது என்று சேர்ப்பாள். இடம் போதாமல், கிழிக்காமல் ஒட்டியிருந்த அடுத்த தாளையும் விரித்துக்கொண்டாள். மறந்துபோனால் என்னைக் கேட்பாள். நானும் அதே பக்கத்தை அடித்தவள், சொல்வேன். அம்மா தூணில் சாய்ந்து உட்கார்ந்து வெற்றிலை மடித்தபடி, "கோலம் போடுதியா, கணக்குப் போடுதியா?" என்று கேட்பாள். "ஆபீஸ் வேலை அத்தை" என்பாள் மதினி.

ஒரு நாள் அந்தத் தாளில் மக்ரின்ஸுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி இருப்பதைப் பார்த்தேன். பெயர் இல்லை. அழுத்தி வைத்த பென்சில் புள்ளி. இது என்ன, குளமா பாறையா என்று கேட்டேன். மதினி ஸ்கேலைக் கீழே வைத்தாள்.

"ஒங்க அண்ணன்" என்றாள். "அவிய எங்க இருக்காவன்னு ஒரு லெட்டர்லயும் போட மாட்டேங்காவ. எங்கயாச்சும் ஒரு எடத்துல வைக்கணும்ல?"

நான் சிரிக்கவில்லை. சிரிக்கிற வயதுதான். ஆனால் அண்ணனுடைய கடிதங்களை நானும் பார்த்திருக்கிறேன். அனுப்புநர் இடத்தில் பெயர், ஒரு நம்பர், ராணுவத் தபால் நிலையம் என்பதற்கு ஓர் எண். ஊர் கிடையாது. காஷ்மீரிலிருந்து எழுதினாலும் அஸ்ஸாமிலிருந்து எழுதினாலும் அதே எண்ணாக இருக்கும் என்று தெருவில் இருந்த ஓய்வுபெற்ற சுபேதார் சொன்னார். எழுதுவதற்கு அவர்களுக்கு அனுமதி இல்லை, கேட்கவும் கூடாது என்றார். பாறைக்கெல்லாம் பெயர் அடித்துவிட்டு வருகிற ஒருத்திக்குப் புருஷன் இருக்கிற ஊரின் பெயர் தெரியாது. அதில் நியாயம் இல்லை என்று எனக்கு அப்போது தோன்றியது. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அந்த வருஷம் ஐப்பசி மழையோடு அம்மாவுக்கு உதிரப்போக்கு அதிகமாகிவிட்டது. அதற்கு முன்பே பல மாதமாக இருந்திருக்கிறது, எங்களிடம் மறைத்திருக்கிறாள். ராஜபாளையத்தில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும், ரத்தம் மிகவும் குறைந்திருக்கிறது, இனியும் தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் அம்மா முன்னாலேயே சொன்னார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து, முடியாது என்றாள்.

பயந்துதான் சொல்கிறாள் என்று நினைத்தோம். பயமில்லை. "எம்புள்ள எங்க இருக்கான்னு தெரியாம நான் மயக்கத்துல படுக்க மாட்டேன்" என்றாள். "நான் பொறவு முழிக்கலைன்னா? எந்தத் தெசையப் பாத்து அவனை நெனச்சுக்கிட்டுப் போவேன்?" சுபேதாரைக் கூப்பிட்டு வந்து பேச வைத்தோம். அவர் வடக்கே இருப்பான் என்றார். "வடக்கன்னா எம்புட்டு வடக்க?" என்று கேட்டு அவரை அனுப்பிவிட்டாள். தந்தி அடித்தோம், பதில் இல்லை. இரண்டு வாரம் அப்படியே போனது. அம்மாவின் உதடும் நகமும் வெளுத்துக்கொண்டே வந்தன. நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மதினி மூலையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக அடிப்பாள், சார் எடுத்துப் பார்ப்பார், பிழை எண்ணிக்கை கூடியிருக்கும். எனக்கும்தான்.

இங்கே அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பொய்யைக் கண்டுபிடிக்க அவளிடம் ஒரு முறை இருந்தது. சின்ன வயதில் விருந்தாளிக்கென்று வாங்கி வைத்த பால்கோவாவை அண்ணனும் நானும் தின்றுவிட்டு, பூனை தின்றது என்போம். அம்மா அவனைக் கிணற்றடிக்கும் என்னை அடுப்படிக்கும் பிரித்துவிடுவாள். பூனை என்ன நிறம், எந்த வழியாக வந்தது, எந்த வழியாகப் போனது என்று அவனிடம் கேட்டுவிட்டு வந்து என்னிடம் கேட்பாள். பேச்சு ஒத்துவந்தால் விட்டுவிடுவாள். நூலளவு பிசகினாலும் இரண்டு பேருக்கும் விழும். ராஜபாளையத்து மாடியில் கம்ப்யூட்டர் செய்த வேலையை எங்கள் அம்மா அதற்கு முன்பிருந்தே செய்துகொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். மதினி வைத்தியநாத சுவாமி கோயிலுக்குப் போயிருந்தாள். முந்தின நாள் அண்ணனிடமிருந்து ஓர் இன்லண்ட் லெட்டர் வந்திருந்தது. வழக்கம்போல மதினிதான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். அம்மா அதை என்னிடம் நீட்டினாள்.

"வாசி."

வாசித்தேன். நலம், குளிர் அதிகம், லீவு எப்போது என்று தெரியாது, அம்மாவைப் பார்த்துக்கொள். நான்கே வரி.

"அம்புட்டுதானா?"

அந்தக் குரலை எனக்குத் தெரியும். கிணற்றடியிலிருந்து அடுப்படிக்கு வந்து கேட்கிற குரல்.

"ஊரு பேரு போட்டிருக்கான்னு ஒங்க மதினி வாசிச்சாளே. நீ ஏன் அதை விட்டுட்ட?"

கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. அதைச் சொன்னால் மதினி பொய்க்காரி. அதைவிட, அம்மா இனி ஆஸ்பத்திரிக்குப் போகவே மாட்டாள். "மடிப்புக்குள்ள பொடி எழுத்துல எழுதியிருக்கும்மா, கவனிக்கல" என்றேன். இன்லண்ட் லெட்டரில் இடம் போதாமல் ஒட்டுகிற மடிப்பில் நுணுக்கி எழுதுவது எல்லோரும் செய்வதுதான். கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், நேரம் கடத்துவதற்காக.

"என்ன ஊரு?" என்றாள் அம்மா.

மதினி எந்த ஊரைச் சொல்லியிருப்பாள்? காஷ்மீர் என்று சொல்லியிருக்கலாம். டெல்லி என்றுகூடச் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த நிமிஷத்தில் அந்தப் பென்சில் புள்ளி ஒன்றுதான் கண்ணில் நின்றது.

"மக்ரின்ஸ்."

அம்மாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எப்போதும் தெரியாது. "குடிக்கத் தண்ணி?" என்று அடுத்த கேள்வி. நடுவில் நீளமாக ஒரு குளம் இருக்கிறதாம் என்றேன். என்ன மேய்கிறது என்றாள். ஆடு, கறுப்பாக, நீளக் கொம்போடு என்றேன்; பட்டியலில் ஒரு பாறைக்கு அந்த ஆடுகளை வைத்துத்தான் பெயர். மரம் உண்டா? காற்று பலமாக இருப்பதால் அதிகம் இல்லை. கடிதம் ஏன் இத்தனை தாமதமாக வருகிறது? அதற்கும் தீவிலேயே பதில் இருந்தது. அந்தத் தீவுக்கும் கீழே இருக்கிற சின்னத் தீவுக்கும் நடுவில் தண்ணீர் வற்றினால்தான் நடக்க முடியும் என்று ஒரு பதிவு. "தண்ணி வத்துனாத்தான் பாதை தெரியுமாம்மா. தபால்காரர் காத்துக்கெடந்துதான் வருவாராம்" என்றேன். மழைக்காலத்தில் ஓடையில் தண்ணீர் வந்து வத்திராயிருப்பு பஸ் நின்றுபோவதைப் பார்த்தவள் அம்மா, தலையாட்டினாள். நான்கு வரிக் கடிதத்தின் மடிப்புக்குள் இத்தனை சேதி எப்படி இருக்கும் என்று அவள் கேட்கவில்லை. நானும் அப்போது அதை நினைக்கவில்லை.

கடைசியாக, "பொழுது எங்க அடையுது?" என்றாள்.

"மலைக்குப் பின்னால."

"மேக்கயா?"

"மலை மேக்கதானம்மா இருக்கும்."

அம்மா கடிதத்தை வாங்கி மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். "ஒங்க மதினியும் அதத்தான் சொன்னா" என்றாள். அதற்குப் பிறகு, "ஆஸ்பத்திரிக்கு எதெது எடுத்து வைக்கணும்னு பாரு" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

அந்த வாரமே ஆபரேஷன் நடந்தது. உள்ளே கொண்டுபோகும் முன் அம்மா நர்ஸிடம் மேற்கு எந்தப் பக்கம் என்று கேட்டாள். நர்ஸுக்குத் தெரியவில்லை. மதினிதான் கை காட்டினாள். மகன் இருக்கிற ஊரிலும் பொழுது அடைகிற திசை அது; அம்மா அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு சாத்தியதும் மதினி பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "ஏட்டி, நான் மக்ரின்ஸ்னு சொன்னது ஒனக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள். புள்ளி என்றேன். என்னென்ன கேட்டாள், என்னென்ன சொன்னோம் என்று அந்த இரண்டு மணி நேரமும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். எல்லாம் ஒத்துவந்தது. கடல் என்ற ஒரு சொல்லை மட்டும் இரண்டு பேருமே சொல்லாமல் விட்டிருந்தோம், பேசி வைக்காமலே. ஒரே வீட்டுச் சோறு என்று சார் சொன்னது சரிதான் என்று தோன்றியது.

அம்மா பிழைத்துக்கொண்டாள். உடம்பு தேறியதும், பூக்காரம்மாவிடமும் பால்காரரிடமும் எம்மவன் மக்ரின்ஸ்ல இருக்கான் என்று சொல்லத் தொடங்கினாள். அது எங்கே இருக்கிறது என்று கேட்டால், "தண்ணி வத்துனாத்தான் போக முடியும்" என்பாள். அண்ணன் லீவில் வந்தால் முதலில் யார் போய் அவனைப் பிடிப்பது, என்ன சொல்லி வைப்பது என்று இருவரும் திட்டம் போட்டு வைத்தோம். பஸ் ஸ்டாண்டிலேயே பிடித்துவிடலாம் என்பது மதினியின் எண்ணம்.

அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் மாசி மாதத்தில் ஒரு காலை வந்து நின்றான். தோலெல்லாம் கறுத்து, உதடு வெடித்து, தலையில் டிரங்குப் பெட்டி. அம்மாதான் கதவைத் திறந்தாள். அதற்குப் பிறகு அவனை விட்டு நகரவில்லை. அவன் கிணற்றடியில் குளிக்கும்போது பக்கத்தில் நின்றாள். மதினி துண்டு கொண்டுபோய்க் கொடுத்தாள்; அம்மா வாங்கிக் கொடுத்தாள். ஒரு வார்த்தை தனியாகப் பேச வழியில்லை. இட்லி வைத்தோம். அம்மா அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். நான் சட்னிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். மதினி அடுப்படி நிலையில் நின்றாள், உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை.

"ஏலே" என்றாள் அம்மா.

"என்னம்மா?"

"நீ இருக்கற எடத்துல பொழுது மலைக்குப் பின்னாலதான அடையுது?"

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். "ஆமா. மூணு மணிக்கே மறஞ்சுரும். அதுக்குப் பொறவு ஒரே குளிருதான். ஏம்மா?"

"சும்மா கேட்டேன். இன்னும் ரெண்டு வைக்கவா?"

அவ்வளவுதான் கேட்டாள். ஊர்ப் பெயரைக் கேட்கவில்லை. குளத்தைக் கேட்கவில்லை, ஆட்டைக் கேட்கவில்லை. அவன் இருந்த முப்பது நாளும் மக்ரின்ஸ் என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. அவன் போன பிறகும், இறக்கும்வரையிலும் வரவில்லை. எங்கள் இருவரையும் நம்பித்தான் அவள் ஆபரேஷனுக்குப் போனாளா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நம்பியிருந்தால் பெற்ற மகனிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்காமல் இருந்திருக்க மாட்டாள் என்பது என் முடிவு. கேட்டால் நாங்கள் மாட்டிக்கொள்வோம். வாழ்நாள் முழுக்க ஒப்பிட்டுப் பார்த்துப் பழகியவள், ஒன்றே ஒன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு, மற்றதை ஒப்பிடாமல் விட்டுவிட்டாள். எங்கள் அம்மா மேல் எனக்குப் பிரியம் உண்டு என்று தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான். அதுவரை பயம்தான்.

மேல்மாடி வேலை இரண்டு வருஷத்தில் மூடப்பட்டது. எனக்குக் கோயம்புத்தூரில் கல்யாணமானது. அண்ணன் ஓய்வுபெற்று வந்து ஒரு பாங்கில் காவலுக்குப் போனான், இப்போது அதுவும் இல்லை. எங்கே இருந்தான் என்று இன்றுவரை அவன் சொன்னதில்லை. கேட்டால், "மேல" என்பான்.

போன பொங்கலுக்கு மதினி அந்தத் தாளை விரித்தபோது, என் மகள் போனில் அந்தத் தீவைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். மேலேயிருந்து எடுத்த படம். தாளையும் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மதினியும் நானும் ஒப்பிட்டோம். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, ஓர் ஊர் விடாமல். ஸ்கலசாய்க் கிழக்குக் கரையில், கிலோரான் வடக்கே, சின்னத் தீவு தெற்கே. குளம் மட்டும் மதினியின் தாளில் ரொம்பப் பெரிது. அதைப் பற்றிய பதிவுகள் நிறைய இருந்ததால் அப்படி வரைந்திருக்கிறாள். மற்றபடி நாற்பது பக்கம் அடித்த நினைவில் வரைந்ததற்கு நன்றாகவே ஒத்துவந்தது. பிறகு மக்ரின்ஸுக்கு வந்தோம்.

பச்சைப் புல்வெளி, மணல், அதற்கப்பால் கடல். மேற்கே மலை இல்லை. அதைத் தாண்டிக் கனடா வரை தண்ணீர்தான். இருப்பதில் உயரமான குன்று வடக்கே இருக்கிறது. யோசித்துப் பார்த்தால் பட்டியலிலும் அப்படித்தான் இருந்தது. வடக்கு என்று நான் அடித்தேன், மதினியும் அடித்தாள், கம்ப்யூட்டரும் ஒப்புக்கொண்டது. ஆனால் தாளில் வரையும்போது மதினி மலையை மேற்கில் வைத்தாள், பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் அது தவறாகப் படவில்லை. வ. புதுப்பட்டியில் பிறந்தவளுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவளுக்கும் மலை வேறு எங்கே இருக்க முடியும்? மொட்டைமாடியில் ஏறினால் மேற்கே மலை. பொழுது அதற்குப் பின்னால்தான் இறங்கும். அம்மாவுக்கும் அப்படித்தான்.

"அப்ப அங்க பொழுது தண்ணிக்குள்ளதான் அடையும்" என்றாள் மதினி. உள்ளறையில் அண்ணன் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தான். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

மலையை மட்டும் அழித்துச் சரியாகப் போட்டுவிடலாமே, ரப்பர் கொண்டுவரட்டுமா என்று என் மகள் கேட்டாள்.

"இருக்கட்டும்" என்றாள் மதினி. "இதுல அவிய சொன்னதோட ஒத்துவந்தது அது ஒண்ணுதான்."

பழைய மடிப்பிலேயே தாளை மடித்தாள். மலைக்கு இந்தப் பக்கம் அந்தப் பென்சில் புள்ளி இன்னும் அழியாமல் இருந்தது. சேலைக்கு அடியில் வைத்துப் பீரோவைச் சாத்திவிட்டு, அண்ணனுக்குக் காபி போட எழுந்து போனாள்.